சிறிய காருக்கு 15 அங்குல வீல்: உரசாமல் உட்காரும் அளவை எப்படி முடிவு செய்வது?

சாலைப்பறவை கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் இருக்கும் சிறிய ஹேட்ச்பேக் காரில் கம்பெனியிலிருந்தே வந்த டயர் அளவு 175/65 ஆர்14 82டி. ரிம் இரும்பு, அகலம் 5½ஜே (அதாவது 5½ அங்குலம்), ஆஃப்செட் ஈடி 45, போல்ட் அமைப்பு 4×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு போல்ட்). டயர்கள் தேய்ந்து, மாற்றியாக வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டதால், கையோடு 15 அங்குல அலாய் வீலுக்கும் மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். விற்பனையாளர் ஒருவர் 15×7 ஈடி 35 வீலையும் அதற்கு 195/55 ஆர்15 டயரையும் பரிந்துரைக்கிறார். இந்தக் காருக்கு அது தாராளமாக உட்காரும் என்பது அவர் வாக்கு.

ஆனால் இதே காரை வைத்திருப்பவர்கள் எழுதியதைப் படித்தால் குழப்பந்தான் கூடுகிறது. ஒருவர் 195 அகல டயர் போட்டும் எங்குமே உரசவில்லை என்கிறார். இன்னொருவர் 185 போட்டதற்கே, பின் இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் சக்கரம் ஃபெண்டர் (சக்கரத்தை மேலே மூடியிருக்கும் உடல் தகடு) விளிம்பில் உரசுகிறது என்கிறார். அகலம் குறைந்த டயர் உரசுவதும் அகலம் கூடிய டயர் உரசாமல் ஓடுவதும் ஒரே காரில் எப்படி நடக்கும்? சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஃபெண்டர் விளிம்பை மடிப்பதிலோ வெட்டுவதிலோ விருப்பமும் இல்லை. பின்னால் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று போவது அடிக்கடி நடக்கிற ஒன்று. வீல் வாங்குவதற்கு முன்பே, உரசுமா உரசாதா என்பதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

அச்சாணி:

வழி உண்டு. உங்கள் குழப்பத்துக்குக் காரணம், அந்த இருவருமே டயரின் அகலத்தை மட்டும் சொல்லிவிட்டு, ரிம்மின் அகலத்தையும் ஆஃப்செட்டையும் சொல்லாமல் விட்டதுதான். டயர் எத்தனை அகலம் என்பது பாதிச் செய்தி; அந்த அகலம் எங்கே நிற்கிறது என்பதே மீதி. வீலில் ஹப்போடு (காரில் வீலைப் பொருத்தும் சுழலும் நடுப்பகுதி) ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதைத்தான் ஈடி எண் சொல்கிறது. ஆகவே அந்த எண் குறையக் குறைய, சக்கரம் முழுவதுமாக ஃபெண்டரை நோக்கி வெளியே தள்ளி நிற்கும். கூடக் கூட, ஷாக் அப்சார்பரை நோக்கி உள்ளே போகும்.

முதலில் ரிம்மை மட்டும் எடுத்துக்கொள்வோம். 5½ அங்குலம் என்பது 139.7 மி.மீ.; அதில் பாதி 69.85. ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 69.85 + 45 = 114.85 மி.மீ.; வெளிப்பக்கம் 69.85 − 45 = 24.85 மி.மீ. விற்பனையாளர் சொல்லும் 7ஜே என்பது 177.8 மி.மீ.; அதில் பாதி 88.9. ஈடி 35-இல் உள்பக்கம் 123.9, வெளிப்பக்கம் 53.9. அதாவது ரிம் உள்ளே 9 மி.மீ. நெருங்குகிறது, வெளியே 29 மி.மீ. தள்ளிப்போகிறது. சிறிய காரில் 29 மி.மீ. என்பது விளையாட்டல்ல.

டயருக்கும் இதே கணக்குத்தான். ஆனால் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே அகலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு டயர் அளவையும் அதற்கென்று வகுத்த ஒரு ரிம்மில் மாட்டித்தான் அகலம் அளக்கிறார்கள். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். 175/65 ஆர்14 டயர் 5ஜே ரிம்மில் 177 மி.மீ.; உங்கள் 5½ஜே-யில் சுமார் 182. 195/55 ஆர்15 டயர் 6ஜே-யில் 201. 7ஜே-யில் சுமார் 211. 185/55 ஆர்15 டயர் 6ஜே-யில் 194.

இப்போது நீங்கள் படித்த இருவரின் கதையைப் பார்க்கலாம். உரசவில்லை என்றவர் 195 டயரை 6ஜே ஈடி 45 ரிம்மில் போட்டிருந்தால், பழைய நிலையைவிட அவருடைய டயர் வெளியே ஒன்பது அல்லது பத்து மி.மீ. தான் வந்திருக்கும். உரசுகிறது என்றவர் 185 டயரை 6½ஜே ஈடி 35 ரிம்மில் போட்டிருந்தால், டயர் 199 மி.மீ. வரை விரிந்து, வெளியே 18 மி.மீ.க்கு மேல் வந்திருக்கும். 185 போட்டவருடைய சக்கரந்தான் ஃபெண்டருக்கு அருகில் நிற்கிறது. அவர்கள் உண்மையில் எந்த வீல் போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது; ஆனால் இரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. எனவே ஆஃப்செட்டைச் சொல்லாமல் "எனக்குப் பொருந்தியது" என்று எழுதும் எவரையும் நம்பி வீல் வாங்காதீர்கள்.

மிதவேகம்:

அச்சாணி பக்கவாட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டார். உயரக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏனென்றால் உரசல் ஃபெண்டர் விளிம்பில் மட்டும் நிகழ்வதில்லை.

175/65 ஆர்14 என்றால் பக்கச்சுவரின் உயரம் 175-இல் 65 சதவீதம், அதாவது 113.75 மி.மீ. அதன் இரு மடங்கோடு 14 அங்குலத்துக்குரிய 355.6-ஐக் கூட்டினால் முழு விட்டம் 583.1 மி.மீ. இதே முறையில் 185/55 ஆர்15 டயருக்கு 584.5 வரும், 195/50 ஆர்15 டயருக்கு 576, உங்களுக்குச் சொல்லப்பட்ட 195/55 ஆர்15 டயருக்கு 595.5. கடைசி அளவு பழையதைவிட 2.1 சதவீதம் பெரியது. மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த எல்லைக்குள் இது அடங்குவதும் உண்மைதான். ஆனால் அந்த மூன்று சதவீதம் வேகமானிக்கான விதி. ஃபெண்டருக்கு அது தெரியாது. விட்டம் 12.4 மி.மீ. கூடினால் ஆரம் 6.2 மி.மீ. கூடுகிறது, சக்கரக் குடைவுக்குள் மேலேயும் முன்னேயும் பின்னேயும் அத்தனை இடம் குறைந்துபோகிறது. அதற்கு ஈடாகக் காரின் அடிப்பகுதி அதே 6 மி.மீ. உயர்கிறது என்பதை வேண்டுமானால் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்சக்கரத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது சக்கரம் தன் நடுவைச் சுற்றித் திரும்புவதில்லை. ஸ்டீயரிங் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து சக்கரம் எவ்வளவு வெளியே நிற்கிறதோ, அவ்வளவு பெரிய வில்லாக டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வீசிப் போகும். அதனால்தான் ஆஃப்செட் குறைந்த வீலில், நேராக ஓடும்போது ஒரு சத்தமும் இல்லாமல், வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது மட்டும் பம்பரின் மூலையிலோ, குடைவின் பின்கீழ் மூலையிலுள்ள பிளாஸ்டிக் லைனரிலோ "சரக் சரக்" என்று உரசும். டயர் பெரிதாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

வேகமானி பற்றி ஒரு வார்த்தை. ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் ஒழுங்குவிதிப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் மணிக்கு 4 கி.மீ.யும் சேர்ந்த அளவுக்குள். கார்க் கம்பெனிகள் பொதுவாகச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைப்பதால், 2 சதவீதம் பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்னுமே தவிர உடனே தவறாகக் காட்டிவிடாது. இருந்தாலும் 185/55 ஆர்15 கிடைக்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

சுமைக் குறியீட்டையும் மறக்காதீர்கள். உங்கள் பழைய டயரின் 82 என்பது டயருக்கு 475 கிலோ. புதிய டயரில் அந்த எண் 82 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் 79 என்று குறித்த டயரை வாங்கினால் அது 437 கிலோதான் தாங்கும். பின்னால் மூன்று பேரை ஏற்றிச் செல்லும் உங்களுக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் அல்ல.

கராஜ்வாசி:

கணக்கு எல்லாம் சரி. ஆனால் அது பழைய சக்கரத்தோடு ஒப்பிட்டு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உங்கள் காரில் எத்தனை மி.மீ. மிச்சம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் குனிந்து பார்த்து அளக்க வேண்டும். ஒரே மாடல் கார்களுக்குள்ளேயே இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சில மி.மீ. வேறுபடுவதைப் பார்க்கலாம், ஆகவே நான்கு மூலைகளையும் அளந்து, இருப்பதில் குறைந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கத்தில் முன்சக்கரத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் குழாயும், அதில் ஸ்பிரிங் உட்காரும் தட்டும். சிறிய கார்களில் வழக்கமாக வரும் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது ஸ்ட்ரட்) ஒரு வசதி உண்டு. அந்த ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதி சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். இடைவெளி ஏறத்தாழ மாறாது. டயர் பிதுங்குவதற்கு மட்டும் இடம் விட்டால் போதும் என்பதால், 5 மி.மீ. மிஞ்சினாலே அங்கே நிம்மதியாக இருக்கலாம். ஃபெண்டர் பக்கம் அப்படியல்ல. சக்கரம் உடலுக்குள் மேலேறி வரும். வளைவில் வண்டி சாயும். டயரின் பக்கச்சுவரும் புடைக்கும். எனவே ஒரே 5 மி.மீ. உள்ளே போதுமானதாகவும் வெளியே ஆபத்தானதாகவும் இருக்கும்.

உள் இடைவெளியை அளக்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையை ஸ்ட்ரட்டில் ஒட்டிவைத்து, சக்கரத்தை மாட்டி ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால், நசுங்கி மிஞ்சியிருக்கும் களிமண்ணின் கனந்தான் இடைவெளி. வெளிப்பக்கத்துக்கு, ஃபெண்டர் உள்விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைத்த பகுதிக்கும் இடையிலுள்ள தூரத்தை அடிக்கோலால் அளக்கலாம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் அளந்தால் சக்கரம் தொங்கிவிடும், எண் பயன்படாது. பின்னால் ஆட்களை உட்கார வைத்து, டிக்கியிலும் சுமை ஏற்றி மீண்டும் ஒருமுறை அளந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவுக்கும் முன்னால், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் தாளையும் கையேட்டையும் பாருங்கள். உங்கள் மாடலின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே 15 அங்குலம் கொடுத்திருந்தால், அதன் டயர் அளவு, ரிம் அகலம், ஆஃப்செட் மூன்றையும் அப்படியே பின்பற்றுவதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: சில கார்களில் அகல டயர் வரும் ரகத்துக்கு மட்டும் ஸ்டீயரிங் ரேக்கில் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டத்தில்) தடுப்பான் வைத்து, சக்கரம் திரும்பும் கோணத்தைச் சற்றுக் குறைத்திருப்பார்கள். அந்த ரகத்தின் திரும்பும் வட்டம் உங்களுடையதைவிடப் பெரிதாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், அதன் அளவு உங்கள் காரில் முழு ஒடிப்பில் லைனரைத் தொடக்கூடும்.

நெடும்பயணி:

நண்பர்கள் சற்று மிகையாகப் பயமுறுத்துவதாக எனக்குப் படுகிறது. நான் என் சிறிய காரில் 15×7 ஈடி 38 வீலும் 195/50 ஆர்15 டயரும் நெடுங்காலமாக ஓட்டுகிறேன். வேகத்தடையில் வேகமாக ஏறினால் எப்போதாவது பின்னால் ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவே. ஃபெண்டர் விளிம்பை லேசாக மடித்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். சக்கரம் ஃபெண்டரோடு சமமாக நிற்பதில் ஓர் அழகு இருக்கிறது. வளைவுகளில் வண்டி ஊன்றி நிற்கும் உணர்வும் கிடைக்கிறது. உள்ளே இடம் போதாதென்றால் ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டுக்கொள்ளலாமே.

அச்சாணி:

நெடும்பயணி அவர்களே, உங்கள் அமைப்பு உங்களுக்குப் பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. 195/50 டயர் பழைய விட்டத்தைவிடச் சிறியது என்பதால் மேலே இடம் கிடைக்கிறது; ஆஃப்செட்டும் விற்பனையாளர் சொன்னதைவிட 3 மி.மீ. உள்ளே. ஆனால் கேள்வி கேட்டவர் விளிம்பை மடிக்க விரும்பவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். வண்ணம் பூசிய தகட்டை மடித்தால் பூச்சு விரிசல் விட்டு, அங்கிருந்து துரு தொடங்க வாய்ப்பு உண்டு. "எப்போதாவது ஒரு சத்தம்" என்பதும் டயரின் தோளில் விளிம்பு பதிக்கும் கீறல்தான். இரண்டு பேரோடு எப்போதாவது கேட்பது, ஐந்து பேரோடு ஒவ்வொரு பள்ளத்திலும் கேட்கும்.

ஸ்பேசரைப் பொறுத்தவரை, 10 மி.மீ. ஸ்பேசர் போடுவது ஆஃப்செட்டை 10 குறைப்பதற்குச் சமம். இடப்பிரச்சினையை உள்ளிருந்து வெளியே நகர்த்துகிறது, தீர்ப்பதில்லை. அதோடு சக்கரம் வெளியே போகப் போக, டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளி ஸ்டீயரிங் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளியிலிருந்து விலகுகிறது. முன்சக்கர இழுவைக் காரில் அதை உடனே கையில் உணரலாம்: ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று இழுக்கும். ஹப் பேரிங்கின் மீது விழும் நெம்பு விசையும் கூடும். 5 மி.மீ. வேறுபாட்டுக்கு இதையெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ரிம் விளிம்பு 29 மி.மீ. வெளியே போகும் அமைப்புக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சாலைப்பறவை:

எல்லோருக்கும் நன்றி. கராஜ்வாசி சொன்ன முறையில் நான்கு மூலைகளையும் அளந்தேன். முன்னால் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் இடையில் மிகக் குறைந்த இடைவெளி 16 மி.மீ. பின்னால், ஆட்களை ஏற்றியபின், ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்கிய நூலுக்கு டயர் 18 மி.மீ. உள்ளே நிற்கிறது, இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் 3 மி.மீ. குறைவு, அந்தக் குறைந்த எண்ணைத்தான் சொல்கிறேன். விற்பனையாளர் சொன்ன அமைப்பில் டயர் சுமார் 24 மி.மீ. வெளியே வரும் என்று கணக்கு காட்டுவதால், அது நூலைத் தாண்டி 6 மி.மீ. வெளியே நிற்கும். தாராளமாக உட்காரும் என்ற வாக்கு அத்தோடு முடிந்தது.

இப்போது இரண்டு வீல்கள் கிடைக்கின்றன: 15×6 ஈடி 43, 15×6½ ஈடி 38. டயர் 185/55 ஆர்15 என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டில் எது? மேலும், ஸ்டெப்னியாகப் பழைய 14 அங்குல இரும்புச் சக்கரத்தையே வைத்துக்கொள்ளலாமா?

மிதவேகம்:

முதலாவதையே எடுங்கள். 6ஜே ரிம்மில் அந்த டயர் 194 மி.மீ. அகலம், ஈடி 43-இல் வெளியே 8 மி.மீ. வரும், உள்ளே 4 மி.மீ. போகும். ஆகவே ஃபெண்டர் பக்கம் 10, ஸ்ட்ரட் பக்கம் 12 மி.மீ. மிஞ்சும். இரண்டாவதில் டயர் வெளியே 15 மி.மீ.க்கு மேல் வந்து, மிச்சம் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அதோடு 185/55 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5-இலிருந்து 6½ வரை என்பதால் இரண்டாவது வீல் அதன் மேல் எல்லையிலேயே நிற்கிறது. டயரின் பக்கச்சுவர் இழுபட்டு, நடைபாதை ஓரத்தில் ரிம்மின் விளிம்பு முதலில் அடிவாங்கும். பெயர் அளவு ஒன்றாக இருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு உண்மை அகலமும் தோளின் வடிவமும் சில மி.மீ. மாறும், அந்த வேறுபாட்டை 10 மி.மீ. தாங்கும், 3 மி.மீ. தாங்காது.

கராஜ்வாசி:

ஸ்டெப்னி விஷயத்தில் கவலை வேண்டாம். பழைய டயரின் விட்டம் 583, புதியது 584.5, வேறுபாடு மிகச் சிறிது என்பதால், பஞ்சர் கடை வரை ஓட்டுவதற்கு ஏபிஎஸ் முறையோ வேறெதுவுமோ தடுமாறாது. 195/55 வாங்கியிருந்தால் இந்த வசதி இத்தனை எளிதாகக் கிடைத்திருக்காது.

கவனிக்க வேண்டியது நட்டுகள். அலாய் வீலோடு தரும் நட்டின் இருக்கை வடிவம் உங்கள் இரும்பு ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம். பழைய நட்டுகளில் ஒரு சக்கரத்துக்குத் தேவையான நான்கை ஸ்டெப்னியோடு டிக்கியிலேயே போட்டு வையுங்கள். புதிய வீலின் நடுத்துளையையும் மாட்டுவதற்கு முன் பாருங்கள்: வெளிச்சந்தை வீல்களில் பல, பல கார்களுக்கும் பொதுவாக 73.1 மி.மீ. துளையோடு வரும், சிறிய கார்களின் ஹப்போ 54.1 அல்லது 56.1 என்ற அளவில் இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால், சக்கரம் நடுவில் உட்காராமல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்ஸ் பார்த்தும் போகாது. மாட்டி முதல் ஐம்பது, நூறு கி.மீ. ஓடியதும், கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஃபெண்டர் உள்விளிம்பிலும் லைனரிலும் சாக்பீஸால் பட்டையாகப் பூசிவிட்டு, முழுச் சுமையோடு ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபடி வேகத்தடை மேல் மெதுவாகப் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். சாக்பீஸ் எங்கும் அழியவில்லை என்றால் பழைய ரிம்களை விற்றுவிடலாம், ஸ்டெப்னி ஒன்றைத் தவிர.